மழை நாளில் ஓடைக்கரை நிலம்

கலாவதி ஈரோட்டுக்காரி. அமெரிக்காவில் இர்விங் நகரத்தில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். பக்கத்து ஊரான பிளானோவுக்கு வடக்கே ஓடையோடு ஒரு நிலம் விலைக்கு வந்ததும், கணவர் சேனாபதியை நச்சரித்து வாங்க வைத்தாள். சுற்றிலும் வீடுகள் எழும்ப எழும்ப வரியும் ஏறியது. பொதுமக்கள் வந்து நடக்கலாம், மீன் பிடிக்கலாம் என்று பத்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்தால் வரி குறையும் என்றார்கள் வரி அலுவலகத்தில். எழுதிக் கொடுத்தாள். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு அது ஆகவில்லை. தன் வேலியை எவன் தொட்டாலும் சுடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

1999 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை மழை கொட்டித் தீர்த்தது. நிலத்தைப் பார்க்க இருவரும் வந்தபோது, ஓடைப் பக்கம் யாரோ அலறுவது கேட்டது. ஓடினார்கள். நடு ஓடையில் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்தபடி, மீன் பிடிக்க வந்த ஒரு முதியவர், மார்பளவு வெள்ளம். சேனாபதி செல்போனில் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட்டார்.

"நாம வந்த வழியெல்லாம் தண்ணி ஏறிருச்சு. ஃபயர் டிரக் எப்படி உள்ள வரும்?"

"பக்கத்து நிலம் மேடுங்க. வேலிய கட் பண்ணிரலாம்."

"அந்தாளு துப்பாக்கி வெச்சிருக்கான் கலா, போகாத!"

"அதுக்குன்னு ஒரு மனுசன் சாகறதப் பாத்துட்டு நிக்கறதுங்களா?"

காரிலிருந்த கட்டிங் பிளேயரால் முள்கம்பியை நறுக்கினாள். உள்ளங்கை கிழிந்தது. இரண்டாவது கம்பி அறுபடும்போது பண்ணைக்காரரின் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கையில் துப்பாக்கி. கலாவதி ரத்தம் வழியும் கையால் ஓடையைக் காட்டினாள். அவர் பார்த்தார். துப்பாக்கியை வண்டிக்குள் எறிந்துவிட்டு, தன் சாலையோர கேட்டைத் திறக்க விரைந்தார். அந்த வழியாக வந்து, நறுக்கிய வேலியைத் தாண்டித்தான் டிரக் ஓடைக்கு வந்தது. கயிறு கட்டி முதியவரைக் கரையேற்றினார்கள். உயிர் இருந்தது.

வீடு திரும்பும்போது சேனாபதி வெடித்தார். "எழுதிக் குடுத்தத கேன்சல் பண்ணிரலாம். குறைச்ச வரியத் திருப்பிக் கேட்டாலும் கட்டிரலாம். நாளைக்கு எவனாவது செத்தா கோர்ட்டுக்கு யாரு அலையறது?"

"எனக்கும் பயந்தானுங்க. ஆனா தொறந்து வெக்கறேன்னு சொல்லிட்டு, இப்ப எப்படிங்க மூடறது?"

அடுத்த வாரம், மழை நாளில் ஓடையில் இறங்காதீர்கள் என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதிய பலகையைச் சேனாபதியே கொண்டுவந்து நட்டார். பண்ணைக்காரர் கம்பியைத் தானே கட்டிக்கொண்டார். அதன் பிறகும் கலாவதியோடு பேசவில்லை. வானம் கறுத்தால் மட்டும், சாலையோர கேட்டைத் திறந்து போட்டுவிடுவார்.