துணியை விடாத கடல்பாசி

ஆய்வகத்தில், கூழாகக் காய்ச்சி உறையவைத்த ஜெல் பட்டையின் நடுவில் பிளேடால் சின்னதாக ஒரு கீறல் போட்டு, இரண்டு முனைகளையும் கிடுக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். கீறலிலிருந்து கிழிந்தால்தான் அது எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட முடியும். எனக்கோ ஒவ்வொரு முறையும் கிடுக்கியின் வாயிலேயே கிழிந்தது. இறுக்கினால் நசுங்கும், தளர்த்தினால் வழுக்கும். "திங்கட்கிழமைக்குள் ஒரு பட்டையாவது நடுவில் கிழியட்டும். இல்லாவிட்டால் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொள்" என்றார் பேராசிரியர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒரு வருட வேலையை விட்டுவிட எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை காலை தென்காசி வீட்டில் கடல்பாசி காய்ச்சினேன். ஆறினால் உறையும் அதுவும் ஜெல்தான். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை இறக்குகிற அப்பா, வேலைக்குக் கிளம்பும்போது அடுக்களையை எட்டிப் பார்த்தார்.

"என்னலே செய்யுத?"

"இது எப்படிக் கிழியுதுன்னு பாக்கணும்ப்பா."

"நல்லாருக்குலே! மூட்டை கிழியாம இறக்குததுக்கு எனக்குக் கூலி. கிழிக்கதுக்கு உனக்குப் படிப்பு!"

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது, குளிக்க வா என்று நண்பன் போன் செய்தான். அரை மணி நேரம் பேசி, வரவில்லை என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குத் திரும்பினால், அம்மா அப்பாவின் பழைய துண்டுக் கிழிசலில் கடல்பாசியை வடிகட்டி, துணியின் ஒரு முனையைத் தட்டுக்குள்ளேயே விட்டிருந்தாள். அது அப்படியே உறைந்துவிட்டது.

"என்னம்மா, கெடுத்துட்டியே!"

"ஆமா, தங்கக்கட்டி பாரு. உருவி எடு."

எரிச்சலில் இழுத்தேன். துணி வரவில்லை. அதற்கு இரண்டு விரல் தள்ளி, வெறும் கடல்பாசிதான் கிழிந்தது. கையில் இருந்த துணியைப் பார்த்தபடி நின்றேன். இழைகளின் இடைவெளியெல்லாம் ஜெல் புகுந்து உறைந்திருந்தது. கிடுக்கி இனி ஜெல்லைத் தொடவே வேண்டாம்; துணியைப் பிடித்தால் போதும்.

மறுபடி காய்ச்சி, இரண்டு முனைகளிலும் துணி வைத்து உறையவிட்டேன். நடுவில் கீறினேன். மேல் துணியை ஜன்னல் கம்பியில் கட்டி, கீழ்த் துணியில் தூக்குவாளியைத் தொங்கவிட்டு, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றினேன். கீறல் லேசாக வாய் திறந்தது. நிறுத்தினேன்.

"ஊத்துலே."

"பொறும்மா."

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு, ஒரு சொட்டுகூட ஊற்றாமலே, கீறல் ஒரே ஓட்டமாகக் குறுக்கே போய்விட்டது. வாளி விழுந்து அடுக்களையெல்லாம் தண்ணீர். இரண்டு துணியிலும் ஜெல் அப்படியே இருந்தது.

"தொடைச்சிட்டு மத்தத பேசு" என்றாள் அம்மா.

துடைத்தேன். ஒன்று தற்செயலாக இருக்கலாம். இன்னும் நான்கு பட்டைகளாவது இதேபோல் கிழிய வேண்டும்.

"அந்தத் துண்டுல மிச்சம் இருக்கா?"

"இல்ல. அப்பா செங்கோட்டையில வாங்குன புதுசுதான் கொடியில கெடக்கு. தொட்ட, கொன்னுருவாரு."

கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டேன்.