ஏகாம்பரத்தின் கொல்லைச் செடி

நோயாளி சொல்லும் காரணத்தைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வேறு காரணத்தைத் தேடுவதுதான் நாட்டு வைத்தியனின் பிழைப்பு. உங்களில் மருந்துப் பெட்டி தூக்கியவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஏகாம்பரம் சொன்ன ஒரு காரணத்தை மட்டும் பல வருஷங்களாக நான் நம்பவும் முடியாமல், அவன் முகத்துக்கு நேரே மறுக்கவும் முடியாமல் இருந்தேன்.

வெளுத்த இலை

தூக்கம் வரவில்லை என்று கஞ்சா பிடிக்க ஆரம்பித்தவன் அவன். சர்க்கார் ஏலம் விட்ட கஞ்சாக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாமல், ஆப்காரி என்னும் கலால் இலாகாவுக்குத் தெரியாமல் கொல்லையில் திருட்டுத்தனமாகச் செடி வைத்தான். இலை வெளுத்து, தண்டு மெலிந்து நீண்டுவிட்டது என்று ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து காட்டினான். விசாரித்தால், அவரைப் பந்தலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். வெயில் படவேண்டும் என்றேன்.

"வெயில்ல வெச்சா ஆப்காரி சேவகன் கண்ல படுது. நெழல்ல வெச்சா வெளுக்குது. அது வாழணும்னா நான் ஜெயிலுக்குப் போவணுமா சாமி?"

பாவுக் கஞ்சி

அடுத்த முறை வேரைச் சுற்றி எறும்பு, மண்மேல் வெள்ளைப் பூசணம். தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்துத் தடவிய அரிசிக் கஞ்சியின் மிச்சத்தை வீணாக்காமல் தினமும் செடிக்கு ஊற்றியிருக்கிறான். மண்ணை மாற்றச் சொன்னேன். அவன் மனைவி வள்ளி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நூலுக்குப் போட்டா நூல் வெறைக்குதே, செடிக்கு ஊத்துனா செடியும் வெறைப்பா நிக்கும்னு நெனச்சிக்கினாரு சாமி."

பிரிந்த கரை

வள்ளிக்குக் காய்ச்சல் பார்க்கப் போன நாளில் முதலாளி வந்திருந்தார். தறியிலிருந்த பட்டும் ஜரிகையும் அவர் கொடுத்தவை. வைகாசி கருடசேவைக்குள் முடியவேண்டிய சேலையில், உடலும் கரையும் சேரும் கோர்வை இடையிடையே விட்டுப் போயிருந்தது. தறி போனால் அந்த வீட்டில் அடுப்பு இல்லை. வள்ளி அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

நான் தலைகுனிந்து நின்றேன். செடிக்கு வைத்தியம் சொல்லி மனிதனுக்கு நோய் வளர்க்கிறேனா? கேட்டவனுக்குச் சொல்லாமலிருப்பதும் தர்மமா? இன்றுவரை எனக்குத் தெளியவில்லை. முதலாளிக்கு அந்தக் குழப்பம் இல்லை.

"கண்ணு பூரா கஞ்சா சிலும்பியில இருந்தா கோர்வை எங்கடா நிக்கும்? இன்னொரு சேலை இப்பிடி வரட்டும், பாவை எடுத்துக்கினு போயிடறேன். அப்புறம் பொகையத் துன்னு."

காரத் தண்ணீர்

சில நாளில் ஏகாம்பரம் செடியை வேரோடு துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தான். இலையெல்லாம் ஓரம் கருகியிருந்தது. வேர்மண்ணை முகர்ந்தேன், கச்சாப் பட்டின் பசை போக வேகவைத்த சோடாக் காரத் தண்ணீரின் நெடி. பிழைக்காது என்றேன். கண் கலங்கிவிட்டான்.

"பக்கத்து வூட்டுக்காரன் காரத் தண்ணிய தொறந்து வுட்டான் சாமி. எங்க கொல்லைக்குள்ள பூந்துட்சி."

அதன்பின் அவன் செடி வைக்கவில்லை. கஞ்சாக் கடைக்கும் போகவில்லை. தறி நிலைத்தது, பெண் பிறந்தாள். ஆனால் பக்கத்து வீட்டுக் கொல்லை அவனுடையதைவிடப் பள்ளம். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. வள்ளிதான் ஊற்றியிருப்பாள் என்றே நினைத்துவந்தேன். மகளுக்கு மருந்து வாங்க வந்தவளிடம் ஒருநாள் கேட்டும்விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் ஊத்தியிருந்தா அவரு வேற செடி வெச்சிருப்பாரு சாமி."

செடியின் நோயை ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லிவிட்டு எதிரே நின்றவனை ஒருமுறையும் பார்க்காத வைத்தியனான நான், கடைசியில் அவன் தறியருகே போய் உட்கார்ந்து இப்படிக் கேட்டேன்: "ஏகாம்பரம், உன் கையாலேயே ஊத்திட்டு, அப்புறம் அதைப் பிழைக்க வைக்கச் சொல்லி ஏன்பா என்கிட்ட தூக்கிக்கிட்டு வந்தே?"