கும்பத்துத் தண்ணீரும் பழைய மடிக்கணினியும்

இதை எழுதும்போது என் தேநீர்க் கோப்பை சமையலறையில் இருக்கிறது. கணினி உள்ள மேசைக்கு ஈரமான எதையும் நான் இப்போது கொண்டுவருவதில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்து ஒரு மாதமாகிறது. ஆனாலும் பயம் முழுதாகப் போகவில்லை.

அன்று நவராத்திரியின் கடைசி நாள். புலம்பெயர்ந்து வந்து வாழும் மோர்டனில் உள்ள எங்கள் வீட்டில் சாமியறை இல்லை; வரவேற்பறை மூலையில் ஒரு பலகைத் தட்டுத்தான். சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்க வேண்டும். மகளின் படிப்பு முழுவதும் மடிக்கணினிக்குள் இருந்ததால் அதையே கேட்டேன்.

"அப்பா, திங்கட்கிழமை டெட்லைன். எனக்கு அது வேணும்."

"ஒரு இரவுதானே பிள்ளை. விடிய எடுத்துத் தொடங்கினால் அதுதான் விசேஷம்."

அவள் கட்டடக்கலை படிக்க விண்ணப்பிக்கிறாள். அதற்கான வரைபடத் தொகுப்பைத் திங்கட்கிழமை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது நான் நனைந்துகொண்டு நிற்கும் பஸ் தரிப்பிடத்தை முப்பரிமாணத்தில் புதிதாக வரைந்திருந்தாள். கோடை முழுவதும் அந்த வேலைதான். கோப்புகள் பெரியவை என்பதால் பள்ளிக் கணக்கில் ஏற்றுவதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தாள். அது எனக்குத் தெரியாது.

மூடியபடி வைத்தால் படிப்பை மூடி வைத்ததுபோல் இருக்குமே என்று மடிக்கணினியைத் திறந்தே வைத்தேன். திரையின் ஓரத்தில் சந்தனப் பொட்டும் வைத்தேன். தட்டில் இடம் போதாமல், அதன் பக்கத்திலேயே இரண்டு புத்தகங்களை அடுக்கி அவற்றின் மேல், தண்ணீர்ச் செம்பில் மாவிலையும் தேங்காயும் வைத்த கும்பத்தை நிறுத்தினேன். தீபம் காட்டும்போது, குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரின் கை மாவிலையில் மாட்டியது. கும்பம் சரிந்து தேங்காய் உருண்டது. செம்பிலிருந்த தண்ணீர் அத்தனையும் விசைகளுக்கு இடையே இறங்கிப் போனது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, நான் உடனே பொத்தானை அழுத்தினேன். உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

"அமத்தாதேங்கோ! கையை எடுங்கோ!" மனைவி ஓடிவந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. மடிக்கணினியைக் கவிழ்த்துப் பிடித்து நீரை வடியவிட்டாள். "சரஸ்வதிக்குத் தாகமெண்டு ஆரப்பா உங்களுக்குச் சொன்னது?"

மகள் போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, சூயிங்கம் துண்டு அளவில் ஒன்றை வெளியே எடுத்தாள். எல்லாக் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன என்றாள். அதன் ஓரத்திலும் ஈரம் இருந்தது.

"உம்மால ஏலுமே?" என்றேன்.

"பாப்பம். நீங்கள் நிலத்தைத் துடையுங்கோ."

ஈரம் போகும்வரை காயவைத்து, மாடியிலுள்ள சின்ன அறைக்கு அதைக் கொண்டுபோனாள். அவளுடைய பெரிய கணினி அங்கேதான் இருக்கிறது; அதில் செருகிப் பார்க்க வேண்டும். நான் கீழே, காய்ந்துவிட்ட நிலத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். சாமிக்கு நேர்த்தி வைக்கக்கூடத் துணிவு வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

"ஓம், இருக்கு!" மேலிருந்து மனைவியின் குரல் வந்தது. மகள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். பின்னால் போய்ப் பார்த்தேன். திரையில் பஸ் தரிப்பிடம் கூரையோடு நின்றது. திரும்பி இறங்கியவன், மகள் இருந்த அதே படியில் இருந்துவிட்டேன்.

விடிந்தால் விஜயதசமி. வேலையைத் தொடர மகளுக்குக் கணினி இல்லை. மாடி அறையில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். மனைவி வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் அது அவளுக்கு வேண்டும். காலையில் மனைவி மாடிப்படிக்குக் கீழுள்ள அலுமாரியிலிருந்து எங்கள் பழைய மடிக்கணினியை எடுத்தாள். எறியச் சொல்லி அவள் பலமுறை சொல்லியும் நான் எறியாமல் வைத்திருந்தது அது.

"இது எழும்பவே பத்து நிமிஷம் எடுக்குமே. இதிலை எப்பிடிப் படம் கீறுறது?" என்று கேட்டேன்.

"இது கீறத் தேவையில்லையப்பா. மேல இருக்கிறது கீறும். இது காட்டினால் போதும். பள்ளிக்கூடத்திலையும் பழசுகளை நாங்கள் இப்பிடித்தான் பாவிக்கிறம்."

ஊதிப்போயிருந்த பற்றரியையும் இரைந்து சுற்றும் பழைய வன்வட்டையும் கழற்றினாள். ஒரு யுஎஸ்பி குச்சியைச் செருகி, அதிலிருந்தே இயங்கும்படி செய்தாள். வேலையெல்லாம் மாடிக் கணினியில் நடந்து, வீட்டு இணையம் வழியாக இதில் தெரியும். திரையும் விசைகளும் மட்டும் சாப்பாட்டு மேசையில். மாடிக் கணினி இரண்டு பேரின் வேலையையும் தாங்கும் என்றாள். பழையதில் விசிறிச் சத்தம் இல்லை, அடியில் சூடும் இல்லை. சமையலறையிலுள்ள மின்மீற்றரைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கொதிக்கவைக்கக் கேத்திலைப் போட்டால் பாயும் எண் இதற்கு அசைந்த மாதிரியே தெரியவில்லை.

மகள் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். நான் கோப்பையோடு கதவருகே நின்றேன்.

"கிட்ட வாங்கோ அப்பா. இதுக்குள்ள ஒண்டுமே இல்லை. நீங்கள் தண்ணி ஊத்தினாலும் என்ர வேலை போகாது."

"அந்தாளுக்கு அப்பிடிச் சொல்லாதை, ஊத்திப் பாத்துப்போடும்," என்று மாடியிலிருந்து மனைவியின் பதில் வந்தது.

மகள் சிரித்தாள். முந்தின நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

திங்கட்கிழமை பின்னேரம், வேலை முடிந்து அதே பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அவளிடமிருந்து செய்தி வந்தது: கொடுத்துவிட்டாளாம், பள்ளிக் கணக்கிலும் ஒரு பிரதி ஏற்றிவிட்டாளாம். மூன்று தரம் வாசித்தேன். மழை சாய்ந்து அடித்தது. தலை நனைவதைப் பற்றி யோசிக்கவில்லை. கைத்தொலைபேசியை மட்டும் ஸ்வெட்டருக்குள் ஒளித்துக்கொண்டேன்.