என் கனடா விசாவுக்காக ஜெபித்தவர்களுக்கு

கனடாவுக்குப் போக நான் ஒருநாளும் விண்ணப்பித்தது கிடையாது. ஆனாலும் கண்டியில் எங்கள் சபை சில வருடங்களாக என்னுடைய கனடா விசாவுக்காக ஜெபித்தது. சிலர் உபவாசமும் இருந்தார்கள். நான் அவர்களுக்கு நடுவில் கண்களை மூடிக்கொண்டு, மற்றவர்களைவிடச் சற்று உரக்க, ஆமென் சொன்னேன். இந்த வெட்கக்கேட்டை முதலில் சொல்லாவிட்டால் மீதிச் சாட்சியை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

2005ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் என் மனைவி ஸ்டெல்லாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. வலி இல்லாததால் நான் பயப்படவில்லை. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்கு உடம்பைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். டொக்டர்மார் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். சுகப்படுத்தலாம், ஆனால் கடுமையான மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அந்த மருந்து நோயை அழிக்கும்போது சூலகங்களையும் சேர்த்து அழிக்கக்கூடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் இருந்து குளக்கரை வழியாக நடந்தோம். ஸ்டெல்லா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "உசிரு பொழைக்கிறதே பெருசுன்னு நெனைக்கணும்ங்க. ஆனா எனக்கு அது பத்தல," என்றாள். நான் புத்தகம் படித்தவன். ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே வீடு வந்துவிட்டது.

ஒரு வழி இருந்தது. வெளிநாட்டில் பயின்று வந்த ஒரு டொக்டர் கொழும்பில் அதை விளக்கினார். மருந்து ஏற்றுவதற்கு முன் வயிற்றில் சிறு துளையிட்டு, ஒரு சூலகத்தில் இருந்து மெல்லிய துண்டுகளை எடுப்பது. அவற்றைக் கடுங்குளிரில் உறைய வைத்துப் பாதுகாப்பது. நோய் தீர்ந்த பிறகு திரும்ப உடம்பில் வைத்துத் தைப்பது.

"தேயிலை நாத்து எடுத்து நடுற மாதிரியா டொக்டர்?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"ஓம், கிட்டத்தட்ட. ஆனால் வாக்குத் தரமாட்டன். உலகத்திலேயே இது இன்னும் புதுசு. பிடிக்கலாம், பிடிக்காமலும் விடலாம்."

எடுத்தார்கள். உறைய வைத்தார்கள். அதன் பிறகு மருந்து தொடங்கியது.

ஸ்டெல்லாவின் நோயைச் சபைக்குச் சொல்லியிருந்தோம். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்துபவர் பாக்கியம் அன்ரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்கு முன்னால் சூலகம் என்று எப்படிச் சொல்வது? அதோடு, எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு எதைக் கேட்டாலும் பாதிப் பதில் சொல்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. எழுந்து நின்று, "ஒரு முக்கியமான பிரயாணம் இருக்கு. அது வாய்க்க வேணும். விபரம் சொல்ல ஏலாது," என்றேன். உறைந்த துண்டுகள் ஒருநாள் வீடு திரும்ப வேண்டும் என்பதைத்தான் அவ்வளவு நாகரிகமாகச் சொன்னேன்.

யுத்தம் கண்ட நாட்டில் என்னைப்போல ஒரு யாழ்ப்பாணத்தான் விபரம் சொல்லாமல் பிரயாணத்துக்கு ஜெபம் கேட்டால் கேட்கிறவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: கனடா. பாக்கியம் அன்ரி தலையை மெதுவாக ஆட்டினார். "தம்பி, ஒண்டும் சொல்லாதேங்கோ. ஏஜென்சிக்காரன் ஆரெண்டும் சொல்லாதேங்கோ. ஆண்டவருக்குத் தெரியும்." பிறகு தூதரக அதிகாரிகளின் இருதயம் இளகவும், ஸ்டெல்லாவுக்கு அங்கே நல்ல வைத்தியம் கிடைக்கவும், குளிர் அவளைத் தாக்காதிருக்கவும் ஜெபித்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நோய் விலகியது. அதற்காகவே வாழ்நாள் முழுவதும் ஸ்தோத்திரம் சொல்லலாம். முடி திரும்ப வளர்ந்தது. மாதவிலக்கு மட்டும் திரும்பவில்லை. இனி நம்பிக்கை கொழும்பில் ஓர் உறைகுளிர்த் தாங்கிக்குள் இருந்த அந்தத் துண்டுகளில்தான். இதற்கிடையில் யுத்தம் மறுபடி மூண்டது. கொழும்பில் குண்டு வெடித்தது என்று வானொலி சொன்னால், எல்லாரும் சொந்தக்காரருக்குப் போன் எடுப்பார்கள். நான் தாங்கிக்கு எடுப்பேன். மின்சாரம் போனால் எழுந்து உலாத்துவேன். அந்தக் குளிருக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை, திரவ நைதரசன்தான் குளிர் தருகிறது என்று டொக்டர் பலமுறை விளக்கியிருந்தார். விளங்கியது. உலாத்துவது நிற்கவில்லை.

2008இல், திரும்ப வைக்கலாம் என்றார்கள். டொக்டர் அப்போது கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தார். துண்டுகள் கொழும்பில். ஒரு வான் வண்டியை வாடகைக்குப் பிடித்து நானும் ஸ்டெல்லாவும் போனோம். பால்மாடுகளைச் சினைப்படுத்த வருகிறவர்கள் கொண்டுவருவார்களே, அதைப்போல ஓர் அலுமினியத் தாங்கியில் வைத்துத் தந்தார்கள். எக்காரணம் கொண்டும் உள்ளே இருப்பதை வெளியே தூக்கக் கூடாது, தூக்கினால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். நான் அதை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

கண்டி வீதியில் ஒரு சோதனைச்சாவடியில் மறித்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டை சொன்னது. ஸ்டெல்லாவைப் பெண்களைச் சோதிக்கும் கூடாரத்துக்கு அனுப்பினார்கள். இது என்ன என்று ஒரு சிப்பாய் தாங்கியைக் காட்டிக் கேட்டான். என் பழைய வியாதி வந்தது. "பெஹெத்," என்றேன். மருந்து. பாதிப் பதில்.

அவன் மூடியைத் திறந்தான். வெள்ளைப் புகை எழுந்து மேசையில் வழிந்தது. ஒரே நேரத்தில் எல்லாரும் பின்னால் பாய்ந்தார்கள், துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. டொக்டரின் கடிதத்தை நீட்டினேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து மேசையில் வை என்றார்.

சங்கீதங்களில் பாதி எனக்கு மனப்பாடம். ஒரு வரிகூட வரவில்லை. "ஆண்டவரே, இவங்கட கண்ணைக் கட்டும்," என்பதுதான் வந்தது. எடுக்கவும் முடியவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. அரச அலுவலகங்களில் பேசிப் பழகிய என் கந்தோர்ச் சிங்களத்தில் சூலகத்துக்குச் சொல் இல்லை.

அப்போதுதான் ஸ்டெல்லா கூடாரத்தில் இருந்து வந்தாள். புகையைக் கண்டாள். அதிகாரியிடம் போகவில்லை. தன்னைச் சோதித்த பெண் சிப்பாயின் கையைப் பிடித்தாள். சிங்களத்தில் அவள் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்: "தங்கச்சி, அதுல இருக்கிறது என் வயித்துல இருந்து எடுத்தது. கான்சர் மருந்து ஏத்துறதுக்கு முந்தி எடுத்து வச்சாங்க. புள்ள பெத்துக்கிறதுக்கு எனக்கு அது மட்டும்தான் மிச்சம். வெளிய எடுத்தா செத்துப்போகும்." பிறகு சட்டைக் கழுத்தை விலக்கி, கட்டியைக் கீறிப் பார்த்த தழும்பைக் காட்டினாள்.

அந்தப் பெண் சிப்பாய்க்கு இருபது வயதுகூட இராது. மேசைக்கு வந்து மூடியை எடுத்துத் தாங்கியை மூடினாள். அதிகாரியின் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் சிவந்தது. தாங்கியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மரங்களைப் பார்த்தார். போ என்று கையைக் காட்டினார். உலகத்தில் சூலகத்துக்கு வெட்கப்படும் ஆண் நான் ஒருவன் மட்டும் அல்ல என்று அன்று அறிந்தேன். வான் புறப்படும்போது அந்தப் பெண் சிப்பாய் யன்னலுக்கு வந்து, "அக்கா, வெயில் படாமக் கொண்டுபோங்க," என்று தன் மொழியில் சொன்னாள்.

நான் கண்களைக் கட்டும்படி கேட்டேன். ஆண்டவர் என் மனைவியின் வாயைத் திறந்தார்.

கண்டியை நெருங்கும் கடுகண்ணாவை மலையேற்றத்தில் ஸ்டெல்லா சொன்னாள். "ஏங்க, ஆமிக்காரப் புள்ளைக்குத் தெரிஞ்சது நம்ம சபைக்குத் தெரியாது. கனடாவுக்கு இன்னும் எத்தன நாளைக்கு ஆமென் சொல்லப் போறீங்க?"

சத்திரசிகிச்சை நடந்தது. அடுத்த புதன்கிழமை எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சூலகம் என்ற சொல்லையும் சொன்னேன். கூரை விழவில்லை. பாக்கியம் அன்ரி நாற்காலியைத் தள்ளி வைத்தார். பிறகு முழங்காலில் நின்று, அந்தச் சொல்லை எந்தக் கூச்சமும் இல்லாமல் உரக்கச் சொல்லி, அந்தத் துண்டுகளில் இரத்தம் ஓட வேண்டும் என்று ஜெபித்தார். ஆண்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம்.

அதற்குப் பிறகும் மாதவிலக்குக்காகக் காத்திருப்புத்தான். மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் ஸ்டெல்லா குளியலறைக் கதவைத் திறந்து, "வந்திருச்சுங்க," என்றாள். நான் தேநீரில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டேன். அவள் அதையும் குடித்து முடித்தாள். மறு வருடம் எங்கள் மகள் பிறந்தாள்.

மருந்து ஏற்றும் வார்டில் எங்களைவிட உருக்கமாக ஜெபித்த ஒரு பெண் இருந்தாள். அவள் இன்று இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் எழுதமாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சபை பிழையான விலாசத்துக்கு அனுப்பிய ஜெபங்களைக்கூட ஆண்டவர் சரியான வீட்டில் சேர்த்தார். இப்போது நான் முழுப் பதில் சொல்லப் பழகிவருகிறேன். உங்கள் துன்பத்தையும் அதன் சொந்தப் பெயரால் அவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவருக்கும் சொல்லுங்கள். அவரையும் நம்பலாம்.

மகளின் ஞானஸ்நானத்தன்று இதைச் சபை முன் சாட்சியாகச் சொன்னேன். பலர் அழுதார்கள். பிறகு தேநீருக்கு வெளியே வந்தபோது பாக்கியம் அன்ரி குழந்தையை வாங்கி முத்தமிட்டார். என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"எல்லாம் சரி தம்பி, கர்த்தருக்குத் தோத்திரம். ஆனால் அந்த விசா அலுவல் என்ன மாதிரி? நாங்கள் அதுக்கும் உபவாசம் இருந்தனாங்கள். ஒருக்கா அப்ளை பண்ணித்தான் பாருங்கோவன்."