லால்பாக் பார்க்கப் போனேன், லேப்டாப் திரை பார்த்து வந்தேன்

2002 கோடையில் நான் பெங்களூர் போனது லால்பாக் பூங்காவைப் பார்க்க. அப்படித்தான் நம்பினேன். "லீவு போட்டுட்டு வாடி, ஊரைச் சுத்திக் காட்டுறோம்" என்று அக்கா போனில் கூப்பிட்டாள். வேலூரில் வங்கி கவுண்டருக்குப் பின்னால் வெந்துகொண்டிருந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? உண்மையில் எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்தபோது தூக்கிவாரிப் போட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. பயணத் தகவலும் உண்டு, ஓடிவிடாதீர்கள்.

காட்பாடியிலிருந்து காலை ரயில். ஏறக்குறைய 230 கிலோமீட்டர், நாலு மணி நேரம், இரண்டாம் வகுப்பு எழுபது ரூபாய்க்குள். பெங்களூர் ஸ்டேஷனிலிருந்து அக்கா வீடு இருக்கும் மல்லேஸ்வரம் நாலு கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர்.

"எண்பது குடுங்க மேடம்" என்று முதலில் கன்னடத்தில்தான் கேட்டார்.

"மீட்டர் எதுக்கு வெச்சிருக்கீங்க, அழகுக்கா?"

"தமிழா? ஏறுங்க, ஏறுங்க" என்று சிரித்துக்கொண்டே மீட்டரைப் போட்டார். முப்பது ரூபாய் ஆனது. ஆகவே வாய் திறந்து பேசுங்கள்.

மறுநாள் சனிக்கிழமை. "என் ஆபீஸை ஸ்வல்ப பார்த்துட்டு அப்படியே லால்பாக் போலாம்மா" என்றார் அக்காவின் கணவர் ரகு மாமா. கன்னடத்தில் ஸ்வல்ப என்றால் கொஞ்சம். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ் வண்டியில் கிளம்பினோம். 27 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சில்க் போர்டு சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது அக்கா மெல்ல ஆரம்பித்தாள்.

"மாமா வேலை ஆட்டம் கண்டுக்கிட்டு இருக்குடி. திங்கட்கிழமை வெளிநாட்டு லேப்டாப் கம்பெனிக்காரங்க வர்றாங்க. இவங்க செஞ்ச ஸ்கிரீன் பிடிக்கலைன்னா இவங்க குரூப்பையே கலைச்சிடுவாங்களாம். இப்பத்தான் பாப்பாவை ஸ்கூல்ல சேர்த்திருக்கோம்."

"அதுக்கு நான் என்னக்கா பண்ணணும்?"

"உன் கண்ணு வேணும்."

அடக் கடவுளே! கண்தான முகாமுக்குத்தான் கூட்டிப் போகிறார்களோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். முன் சீட்டிலிருந்த மாமா திரும்பிப் பார்க்கவே இல்லை.

விஷயம் இதுதான். லேப்டாப் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நொடிக்கு அறுபது முறை மின்சாரம் ஏற்ற வேண்டும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று மாமாவின் குழு அதை முப்பதாகக் குறைத்திருந்தது. மெதுவாக ஏற்றினால் திரை துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கத்தான் நாலு மாதப் பாடு. ஆனால் நாளெல்லாம் அதையே பார்த்துப் பார்த்து அவர்கள் கண் பழகிவிட்டது, துடித்தாலும் தெரிவதில்லை. அதனால் வெளியாள் யார் வந்தாலும் திரை முன்னால் உட்காரவைத்து "துடிக்குதா?" என்று கேட்பது அங்கே வழக்கமாம். அதற்குப் 'புதுக் கண்' என்று பெயர். வாட்ச்மேன், கூரியர்காரர், டீ கொண்டுவருபவர் எல்லோருடைய கண்ணும் பழசாகிப்போனதால் மச்சினியின் கண்ணை வரவழைத்திருக்கிறார்கள்!

"விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா மாமா?" என்று கேட்டேவிட்டேன். கோபம்தான், மறைப்பானேன்? அவர் தலையைச் சொறிந்தார்.

ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் மாமாவின் கூட்டாளி நாகராஜ் என்னைத் திரை முன்னால் உட்காரவைத்தார். கன்னடக்காரர், தமிழ் பேசுவார். பூ, மலை, வெள்ளைத் திரை, கறுப்புத் திரை, பொடி எழுத்து என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நேராகப் பார்த்தேன், ஓரக்கண்ணால் பார்த்தேன். துளிகூட அசையவில்லை.

"நிக்குது மாமா. குளம் மாதிரி நிக்குது."

நாகராஜ் கை தட்டினார். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். எழுந்துகொள்ளும்போது, வங்கியில் தினமும் சாயங்காலம் செய்கிற பழக்கத்தில் கை தானாக 'ஷட் டவுன்' போட்டுவிட்டது. நிறுத்தட்டுமா என்று கேட்கும் சின்னப் பெட்டி நடுவில் வந்தது. அந்தக் காலக் கம்ப்யூட்டர்களில் அப்போது பின்னணி முழுக்கப் பொடிப் புள்ளி வலைபோல மங்கும், ஞாபகம் இருக்கிறதா? வலை வந்ததும் திரை மொத்தமும் வெடவெடவென்று துடித்தது பாருங்கள், நான் "ஐயோ" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். எதையோ உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஏனப்பா இது!" என்றார் நாகராஜ், 'என்னப்பா இது' என்று கன்னடத்தில். பழகிப்போன அந்தக் கண்களுக்கே தெரிந்துவிட்டது.

"நாலு மாசமா ஒருத்தர்கூடவா இதை ஆஃப் பண்ணலை?" என்றேன்.

"ஆஃப் பண்ணா டெஸ்ட் நின்னுடுமே மேடம். ராத்திரி பகலா ஓடிட்டே இருக்கும்" என்றார் நாகராஜ்.

மாமா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் மின்சாரத்தின் பிளஸ், மைனஸை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இரண்டுக்கும் வெளிச்சம் கொஞ்சம் வித்தியாசப்படும். அதனால் ஒரு புள்ளி பிளஸ் என்றால் பக்கத்துப் புள்ளியை மைனஸாக வைத்துச் சரிக்கட்டியிருந்தார்கள். இந்த வலையோ ஒன்று விட்டு ஒரு புள்ளியைக் கறுப்பாக்கிவிடுகிறது. மிச்சப் புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம். சேர்ந்து பளிச்சிடுகின்றன, சேர்ந்து மங்குகின்றன. "சரிக்கட்ட ஆளே இல்லம்மா" என்றவரின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லால்பாகாவது ஒன்றாவது! மாமாவை அங்கேயே விட்டுவிட்டு நானும் அக்காவும் சிட்டி பஸ்ஸில் திரும்பினோம். ஞாயிறு மதிய ரயிலில் நான் கிளம்பும்வரை மாமா வீட்டுக்கு வரவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: லால்பாக்கை முதல் நாளே, காலையிலேயே பார்த்துவிடுங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம், ஓசூர் ரோட்டில் போவதென்றால் சொல்கிற நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும். உறவுக்காரர் ஆபீஸைப் பார்க்கக் கூப்பிட்டால், எதற்கு என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஆனால் ஏறுங்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் வங்கிக்குப் போன் வந்தது. மாமா. எனக்கு அதுவரை அவர் போன் செய்ததே இல்லை.

"அந்த வலை வந்தா மட்டும் தானா அறுபதுக்கு ஏறுற மாதிரி பண்ணிட்டோம்மா. நேத்துதான் முடிஞ்சுது."

"வந்தவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்கள்ல பெரியவர் வந்து உட்கார்ந்தார். நாங்க எடுத்து வெச்சிருந்த படம் எதையும் பார்க்கலை. முதல் வேலையா ஷட் டவுனை அழுத்தினார்."

"ஐயையோ, அப்புறம்?"

"வலை வந்துச்சு, குளம் மாதிரி நின்னுது. அந்தப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, சாப்பாடு எங்கேன்னு கேட்டார்ம்மா."