மாமா பட்டணத்தில் மாடி கட்டுகிறார்

பட்டணத்தில் பல தேசத்துச் சாமான்களும் வரப்போகிற பெரிய பொருட்காட்சி நடக்க இருப்பதாக எங்கள் ஊரில் முதலில் சொன்னவர் என் அத்தையின் கணவர்தான். மொரப்பூர் ஸ்டேஷன் எதிரில் அவருக்கும் அத்தைக்கும் ஓர் இட்லிக் கடை இருந்தது. ரயிலில் வந்து இறங்கியவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருமுறை நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பொருட்காட்சி மைதானத்தைச் சுற்றிப் புதர் மண்டிக் கிடந்த இடமெல்லாம் கடைகளாகிவிட்டதாம். கொத்தனார் கிடைப்பதே அரிதாகிவிட்டதாம். வண்டிக்காரர்களுக்கு மாட்டை அவிழ்க்கவே நேரமில்லையாம்.

“அத்தன சனத்துக்கும் யாராச்சும் சோறாக்கிப் போடணுமில்ல மாப்ள?” என்று அப்பாவிடம் கேட்டார்.

அத்தைக்குப் போக மனமில்லை. ஆனாலும் கடையை விற்றுவிட்டு, ஆட்டுக்கல்லையும் ரயிலேற்றிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

பொருட்காட்சிக்கு அப்பா என்னையும் அழைத்துப் போனார். அத்தனை விளக்குகளை அதற்கு முன் நான் கண்டதில்லை. மாமாவின் கீற்றுக் கொட்டகையில் இடம் போதாமல் ஆட்கள் வெளியே காத்து நின்றார்கள். அத்தைக்கு என்னோடு பேசக்கூட நேரமில்லை. வியர்வையைத் துடைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுமுறை போனபோது பொருட்காட்சி முடிந்திருந்தது. விளக்குப் பார்க்க ஓடிய என் கண்ணில், பந்தல் மூங்கிலைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்தான் பட்டார்கள். ஆனால் பட்டணம் அடங்கிவிடவில்லை. மண்பாதை தார் ரோடாகி, அதில் பஸ் ஓடியது. இரண்டு பக்கமும் லாட்ஜுகள் வந்திருந்தன. மாமாவின் கொட்டகையைத்தான் காணோம். மனையின் விலை ஏறிப்போனதால் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று அப்பா சொன்னார். அந்த இடத்தில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

சாரத்தின் மேல் மாமா நின்றார். தலையில் முண்டாசு, உடம்பெல்லாம் சுண்ணாம்பு. என்னைப் பார்த்ததும் கையசைத்தார்.

“நீங்களும் ஊருக்கு வந்துருங்க மாமா” என்றார் அப்பா, கீழே நின்றபடி.

“அக்காளக் கூட்டிட்டுப் போ மாப்ள. கட்டடம் முடியட்டும், பொறவு வர்றேன்.”

ரயிலில் அத்தை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். நான்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன்.

எங்கள் மாமா பட்டணத்தில் மாடி கட்டுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. கட்டடம் முடியும் காலமும் கடந்தது, மாமா வரவில்லை. ஒருநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு அம்மாள் அத்தையிடமே கேட்டாள்.

“உங்க வூட்டுக்காரரு மாடி கட்டறாராமே, நெசங்களா?”

அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஆமாங்க. கட்டறாரு.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளிலிருந்து அத்தை, கிணற்றடிக்கு யாரும் வருவதற்கு முன்பே தண்ணீர் எடுத்துவந்துவிடுவாள். அவளுக்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்குத் தெரியவில்லை.