ஆடி முழுக்க நின்ற கரண்டு வண்டி

கரண்டு வண்டி லாரியிலிருந்து இறங்கிய அன்று செஞ்சியில் எங்கள் எண்ணெய் ஆலை வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர். மொதலாளி, அவருடைய மச்சான், ஆலை மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், கணக்கு எழுதும் நான், இரண்டு மாட்டையும் பிடித்துக்கொண்டு ஓரமாக என் நைனா. வரவேண்டியவர்கள் இரண்டு பேர் வரவில்லை. ஒருவர், அந்த வண்டியை அதுவரை ஓட்டிக்கொண்டிருந்த புதுச்சேரிப் பஞ்சாலை மேஸ்திரி. கூடவே வந்து எல்லாம் சொல்லித் தருகிறேன் என்றவர், லாரி புறப்படும் நேரத்தில் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டார். இன்னொருவர் மொதலாளியம்மா. அவர் ஆலைக்குப் பின்பக்கத்து வீட்டில்தான் இருந்தார், ஆனால் வாசலுக்கு வரவில்லை. அன்று ஆடி ஒன்று.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் அந்த ஆலையில் கணக்கெழுத உட்கார வைத்தார்கள். நைனாவுக்கு ஆலை வண்டி ஓட்டுகிற வேலை. எண்ணெய் டின்களைக் கடைத்தெருக் கடைகளுக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, காலி டின்னையும் மல்லாட்டை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வருவார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். வண்டியும் மாடும் ஆலையுடையவை, ஓட்டுவதுதான் அவருடையது. ஆலைக்குள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “இன்னாங்க கணக்கு, டின் எண்ணிக்கிறீங்களா?” என்பார். கேலிதான், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும்.

அந்த வருஷம் வலது மாட்டுக்குக் குளம்பு வீங்கிப்போனது. வைத்தியம் பார்த்தும் ஒரு காலைத் தாங்கித்தான் நடந்தது. புது ஜோடி வாங்குவதா என்று மொதலாளி யோசித்துக்கொண்டிருந்தபோது, கடைத்தெருவில் லாரி சர்வீஸ் வைத்திருந்த ஒருவர், டின்னுக்கு இத்தனை என்று பேசிக்கொண்டால் எல்லாக் கடைக்கும் தானே போட்டுவிடுவதாக வந்து சொன்னார். மச்சானுக்கு அது பிடித்திருந்தது. மொதலாளிக்குத் தன் சரக்கு இன்னொருவன் கையில் போவது பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் பஞ்சாலை ஏல நோட்டீஸ் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னார். பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டி ஒன்று, ஓடும் நிலையில் இருக்கிறது என்று போட்டிருந்தது.

ஏலத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். வண்டியைப் பார்த்தால் சக்கரம் வைத்த பீரோ மாதிரி இருந்தது. எஞ்சின் கிடையாது, கியர் கிடையாது. பலகைக்கு அடியில் ஒரு பெட்டி, அதற்குள் வரிசையாகக் கறுப்பு செல்கள். மேஸ்திரி ஏறி உட்கார்ந்து ஒரு கைப்பிடியைத் தள்ளினார். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தபோது மொதலாளி சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். ராத்திரி முழுக்கக் கரண்டில் சொருகி வைத்தால் பகலெல்லாம் ஓடும் என்றார் மேஸ்திரி. நம் ஆலையில்தான் மோட்டாருக்குக் கரண்டு இருக்கிறதே, பெட்ரோலுக்குத் திண்டிவனம் வரை பார்க்க வேண்டாமே என்று மொதலாளி கணக்குப் போட்டார்.

வண்டியை ஏலத்தில் எடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்:

“கியர் இல்ல, கிளச் இல்ல. உங்க நைனாவே ஓட்டட்டும். ஆனா ஒண்ணு தம்பி, இது சரிப்படலன்னா லாரி சர்வீஸ்காரன்தான். அப்புறம் எனக்கு மாடு எதுக்கு, வண்டிக்காரன் எதுக்கு, நீயே சொல்லு.”

வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஆலை வண்டிக்கு வருவதற்கு முன்னால் சிங்கவரத்தில் ஒரு பண்ணையில் அவரும் அம்மாவும் கூலிக்கு இருந்தார்கள். அந்தக் களத்தில் யார் எப்படிக் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். வண்டி வேலை போனால் மறுபடி போய் நிற்க அந்தக் களம் ஒன்றுதான் இருந்தது. என் சம்பளம் அரிசிக்கே பற்றாது. “ஓட்டிடலாம்” என்றார் நைனா.

ஆனியிலேயே வந்திருக்க வேண்டிய வண்டி, லாரிக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்ததால் ஆடி பிறந்த அன்று வந்து இறங்கியது. அன்று சாயங்காலம் மெக்கானிக் சார்ஜ் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு, சும்மா சொருகி மட்டும் வைக்கட்டுமா என்று கேட்டார். மொதலாளி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவுக்கு உள்ளேயிருந்தே மொதலாளியம்மா பதில் சொன்னார்.

“அடுப்பு பத்த வெச்சிட்டு, நான் இன்னும் சமைக்க ஆரம்பிக்கலன்னு சொல்லுவாங்களா? ஆவணி பொறக்கட்டும்.”

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கமாட்டார்கள், அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நைனாவும் தலையாட்டினார். அவர் பிழைப்பே அதில் இருந்தது. நல்ல நாளில் தொடங்க வேண்டும் என்ற கவலை அவருக்குத்தான் அதிகம். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. என் பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்தில் பேட்டரி படம் ஒன்று இருந்தது. அது சும்மா நின்றால் என்ன ஆகும் என்று அதில் போட்டிருக்கவில்லை.

வண்டிமேல் சாக்குப் போட்டு மூடினார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். சர்க்கார் ஆபீசுக்கு ஆடி கிடையாது என்பதால் நம்பருக்கும் லைசென்சுக்கும் கடலூருக்கு அலைந்தது அந்த மாதத்தில்தான். மத்தியானத்தில் ஆலை ஓய்ந்த நேரம் நைனா சாக்கை விலக்கி ஏறி உட்கார்ந்துகொள்வார். கைப்பிடியைத் தொடமாட்டார். தொடுவதற்கு ஒரு விரல் முன்னால் கையை வைத்துக்கொண்டு இப்படித் திரும்பணும், இப்படி நிறுத்தணும் என்று தனக்குத்தானே பழகுவார். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, வண்டிக்கு வைக்கோல் போட்டாயிற்றா, தண்ணி காட்டியாயிற்றா என்று தினமும் விசாரிப்பார்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். ராத்திரி முழுக்கச் சொருகி வைத்திருந்து காலையில் நைனா வண்டியை எடுத்தார். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. சத்தம் இல்லாததால் யாரும் வழிவிடவில்லை. ஒரு ஆடு நடுரோட்டில் படுத்தது படுத்தபடி இருந்தது. ‘ஓய் ஓய்’ என்று மாட்டை ஓட்டுகிற மாதிரியே நைனா குரல் கொடுத்துக்கொண்டு போனார். முதல் நடை முடிந்து வந்ததும் மாட்டின் கழுத்து மணியை அவிழ்த்து வண்டியின் முன்னால் கட்டினார். அது சரிப்பட்டது.

இரண்டாம் நடை சிங்கவரத்துக்கு. நானும் கூடப் போனேன். போகும்போது நன்றாகத்தான் போனது. அந்தப் பண்ணைக் களத்தைத் தாண்டும்போது நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார், மணி தேவைக்கு அதிகமாகவே ஆடியது. டின்களை இறக்கிவிட்டுத் திரும்பினோம். செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை தெரிகிற இடத்துக்கு வந்தபோது வண்டி நடை தளர்ந்தது. பிறகு நடக்கிற ஆள் எங்களை முந்திப் போனார். பிறகு நின்றுவிட்டது. நைனா கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்தில் ஒன்றும் இல்லை.

நான் ஓடிப்போய் ஆலையிலிருந்து மாட்டை ஓட்டி வந்தேன். தாங்கித் தாங்கி நடந்த மாடும் மற்றதும் சேர்ந்து கயிறு கட்டிக் கரண்டு வண்டியை ஊருக்குள் இழுத்து வந்தன. ஒரு மளிகைக் கடைக்காரர் திண்டில் சாய்ந்தபடி, “இன்னாப்பா, பில்லு கட்டலியா? கரண்ட கட் பண்ணிட்டானா?” என்று கேட்டார். கடைத்தெரு முழுக்கச் சிரிப்பு. நைனாவும் சிரித்தார். ஆலைக்குள் வந்ததும் மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டிவிட்டு, சாப்பிடாமலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளும் அப்படியே. ராத்திரி முழுக்கச் சொருகியும் கடைத்தெரு தாண்டி ஓடவில்லை. மொதலாளி என்னைப் புதுச்சேரிக்கு அனுப்பி மேஸ்திரியைக் கூட்டி வரச் சொன்னார். பேத்தி பிறந்த சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்தார் அவர். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பலகையைத் தூக்கி ஒவ்வொரு செல்லாக மூடி திறந்து பார்த்தார். உள்ளே தகடெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

“எத்தினி நாள் காலியா நின்னுது?”

“ஆடி முழுக்க” என்றார் மொதலாளி.

மேஸ்திரி மூடியைத் திரும்பப் பொருத்தினார். ஏலத்துக்கு முந்தின நாள் வரை ஓடிய வண்டி என்பதால் அது வரும்போதே காலியாகத்தான் வந்தது என்றார். ஓட்டிய அன்றைக்கே ஊட்டிவிட வேண்டும், வெறும் வயிற்றோடு நிற்கவிட்டால் உள்ளே உப்புக் கட்டிப் போகும், நான் கூடவே வந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். பாதி செல் போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு கடைத்தெரு வரை போய் வரலாம், வெளியூர் தாங்காது. புது செல் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், வந்தால் வந்த அன்றைக்கே சார்ஜ் ஏற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மொதலாளியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

செல்லுக்குள் இருக்கிற ஈயத்தின் விலைக்கு வண்டியைப் போட்டுவிடலாம் மாமா என்றார் மச்சான். லாரி சர்வீஸ்காரரும் அன்று தற்செயலாக வந்தது போல வந்து உட்கார்ந்திருந்தார். மொதலாளி தீபாவளி வரை பார்க்கலாம் என்றார். எண்ணெய் அதிகம் ஓடுகிற காலம் அது. ஒரு கடைக்கு டின் பிந்தினாலும் லாரிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதை அவர் மச்சானைப் பார்த்துச் சொன்னாலும் நைனாவுக்குத்தான் சொன்னார்.

அன்று ராத்திரி நைனா என்னிடம், எந்தெந்த ஊர் பஸ் எப்போது எடுக்கிறான் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மறுநாள் காலையில் மொதலாளி முன்னால் போய் நின்றார்.

“செஞ்சில இருந்து எல்லா ஊருக்கும் பஸ் போவுது மொதலாளி. நம்ம வண்டி எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனா போதும்.”

அப்படித்தான் நடந்தது. விடிந்ததும் கடைத்தெருக் கடைகளுக்கு ஒரு நடை. வந்ததும் முதல் வேலையாகச் சொருகல், பிறகுதான் கஞ்சி. அப்புறம் தொண்டூர் பஸ்ஸுக்கு ஒரு நடை, டின்கள் பஸ் மேலே ஏறும், அந்த ஊர்க் கடைக்காரர் இறக்கிக்கொள்வார். வந்து மறுபடி சொருகல். சாயங்கால பஸ்களில் காலி டின் திரும்பி வரும், அதை எடுத்துவர ஒரு நடை. எல்லாமே பக்கத்து நடைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆலையில் கரண்டு இருந்தது. பஸ் நேரம் ஒத்துவராத சிங்கவரத்துக்கு மட்டும் மாட்டை நிதானமாக ஓட்டிப் போவார். ஒருநாள் டின் ஒழுகி பஸ் படிக்கட்டெல்லாம் எண்ணெயாகி, கண்டக்டர் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். இனிமேல் டின்னுக்கு மட்டும் இல்லை, என் வேட்டிக்கும் சேர்த்து லக்கேஜ் போடுவேன் என்று அவர் கத்தியதை நைனா ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார். அவர் மறுபடி சிரிக்கத் தொடங்கியதில் அம்மாவுக்கு நிம்மதி.

தீபாவளி போனது. எந்தக் கடையிலிருந்தும் டின் பிந்தியது என்று பேச்சு வரவில்லை. மொதலாளி அட்வான்ஸ் அனுப்பி மெட்ராஸுக்குப் புது செல் கேட்டு எழுதினார். மச்சான் மட்டும், தெரிந்தே தண்ணீரில் போடுகிற பணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். செல் விலையைக் கேட்டபோது மொதலாளிக்கே முகம் மாறியது உண்மை. ஆர்டரை நிறுத்திவிடலாமா என்று இரண்டொரு தடவை என்னிடம் கேட்டார். பழைய செல்கள் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டிருந்தன, பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பும்போது நைனா சில நாள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். இன்னும் ஒரு மாதம் அவை தாங்கியிருக்காது.

புது செல்கள் வந்து இறங்கிய அன்று மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மார்கழியிலும் புதிதாக எதுவும் தொடங்கமாட்டார்கள். மரப்பெட்டிகளைச் சுற்றி நின்றோம். மெக்கானிக் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டவா வேண்டாமா என்று பார்த்தார். மொதலாளி வானத்தைப் பார்த்தார். தை பிறக்கும் வரை வைத்துவிடலாமே, என்ன அவசரம் என்றார் மச்சான்.

மொதலாளியம்மா வாசலுக்கு வந்தார். ஆலைப் பக்கம் அவர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெட்டிகளைப் பார்த்தார். பிறகு நைனாவைக் கேட்டார்.

“ஏம்பா, தை வரைக்கும் இதத் தள்ளிக்கினே போவியா?”

“தள்ளலாம்மா. புதுச் செல்லுதான் சொருகாம அதுவரைக்கும் நிக்காதுன்னு மேஸ்திரி சொன்னாரு.”

கோயிலில் திருப்பாவை சொல்லி முடித்து மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சொருகுங்க” என்றார் மொதலாளியம்மா. “மார்கழியில சாமிக்கு நித்தம் வெளக்கு ஏத்தறோம். அதுல ஒண்ணுன்னு நெனச்சிக்கிறேன்.”

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ உள்ள போடா” என்று அவரை அனுப்பிவிட்டு, மெக்கானிக் முதல் செல்லை மாட்டும் வரை அங்கேயே நின்றார். பிறகு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். ஆலையில் காலிச் சாக்கு விற்கிற காசு வீட்டம்மாவுக்கு என்று அந்தக் குடும்பத்தில் வழக்கம், அதற்குத் தனிப் பக்கம் வைத்திருந்தேன். வருஷக்கணக்காக அவர் அதில் கை வைத்ததில்லை.

“ஒரு மாசம் நிறுத்தி வெச்சது நான்தானே தம்பி. செல்லு வெலய என் சாக்குக் கணக்குல எழுதிடு. அவங்களக் கேக்க வேணாம்.”

மொதலாளி கேட்டுக்கொண்டுதான் நின்றார். மெட்ராஸ் பில்லை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். வெளியே நைனா மணியை அவிழ்த்துத் துடைத்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். அதை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, லாரி வாடகையையும் ஆசிட்டையும் சேர்த்து மொதலாளியம்மாவின் சாக்குக் கணக்குப் பக்கத்தில் எழுதினேன்: ஆயிரத்து நானூற்று அறுபத்தைந்து ரூபாய்.